துபாய்க்காரனைச் சாகடித்த கதை

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம். காரைக்காலில் படகெல்லாம் கரையேறிக் கிடந்ததால் என் ஐஸ் பேக்டரியில் வேலை குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலைச்சுமையாக மீன் விற்று, அந்த பேக்டரியைக் கட்டியவன் நான். அது போதாதென்று வயதான பிறகு கதையும் எழுதுகிறேன். இரண்டு அச்சில் வந்துவிட்டன. எழுதுகிறேன் என்றால், என் கையெழுத்து எனக்கே புரியாது. நான் சொல்லச் சொல்ல, டைப் அடிக்கும் கடையில் ஒரு பெண் அடித்துக் கொடுப்பாள்.

முன்பு டீக்கடையில் நான் சொன்ன கதை ஒன்று வேறொருவர் பெயரில் வந்துவிட்டது. அதிலிருந்து எவரையும் நம்புவதில்லை.

இந்தக் கதை, துபாய் போன கணவனிடமிருந்து போனே வராமல் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. மற்றவர் வேலையை வாய் திறக்காமல் அடித்துக் கொடுக்கிற அந்த டைப் கடைப் பெண், என் கதைக்கு மட்டும் கேள்வி கேட்டாள்.

“அவரு வருவாராய்யா?”

“அடிம்மா, தானா தெரியும்.”

“முடிவ மட்டும் சொல்லிடுங்க. மனசு கேக்கல.”

இவளுக்கு எதற்கு முடிவு? ஒருநாள் எனக்கு ஒரு பிரதி எடுத்தவள், இன்னொன்றும் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். திருட்டுதான். வியாபாரத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்தவன் நான். என் மனதில் இருந்த முடிவில் அவன் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவான். அதை மறைத்து, அவன் அங்கேயே செத்துப்போனதாகப் போலி முடிவு ஒன்றைச் சொன்னேன். திருடினால் இதைத் திருடட்டும்.

அவள் கை நின்றது. “ஏன்யா இப்புடி பண்ணீங்க?” என்றாள்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. அடுத்த நாளும். விசாரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே போனேன். கண் மங்கிய அவள் மாமியார் கதவைத் திறந்தார். உள்ளே பாயில் அவள், முகம் வீங்கி.

“கதை சொல்றவங்களா? எம் புள்ள சவூதி போனவன், போன் வந்து ஏழெட்டு மாசமாவுது. இவ தெனம் ஒங்க கதைய வாசிச்சுக் காட்டுவா. அதுல அவன் வந்துட்டா நம்ம புள்ளையும் வந்துரும்னு பேசிக்குவோம். சாவடிச்சிட்டீங்களாமே.”

நான் சந்தேகப்பட்டதையும் உண்மையான முடிவையும் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை.

“நெசமா இதான் முடிவா? நாங்க அழுவுறதப் பாத்து இப்ப புதுசாக் கட்டுறீங்களா? அப்ப ஏன் அவன் இத்தன நாளு பேசல, அதச் சொல்லுங்க.”

அதை நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து காரணம் தேடினேன். ஜெயில் என்றேன், நோய் என்றேன், வேறு பெண் என்றேன். “எம் புள்ள அப்புடி இல்ல” என்று எல்லாவற்றையும் தள்ளினார். கடைசியில் அந்தப் பெண்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

“வேல போயிருக்கும் மாமி. வெறுங்கையோட நம்மகிட்ட பேச வெக்கமா இருக்கும்.”

“அது அவன்தான்” என்றார் மாமியார்.

அப்படியே எழுதினேன், அச்சிலும் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்னும் பேசவில்லை. ஒரே மதியத்தில் ஒருவனை ஊருக்கு வரவழைத்தவன் நான் என்று எங்கும் சொல்லிக்கொள்கிற எனக்கு, அந்தத் தெருவுக்குள் போனால் மட்டும் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.