இரைச்சல் இறங்காத கார்

வம்பன் கிராமத்தைத் தாண்டியதும் மாமா மூன்றாவது தடவையாக நின்று திரும்பினார். "மாப்ளே, சொன்னாக் கேளு. ஆலைக்கே திரும்பிப் போ. ஒனக்கு அங்க சோறு இருக்கு" என்றார். நான் அவருடைய தகரப் பெட்டியை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பன்னிரண்டு மைல். அதில் நாங்கள் பாதிகூட நடந்திருக்கவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா இறந்ததும் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவின் தம்பியான இந்த மாமாவிடம் வந்து சேர்ந்திருந்தேன். அவர் ஆலங்குடியில் ஒரு நெல் ஆலை முதலாளிக்குக் கார் ஓட்டினார். மூன்று கை மாறி வந்த பழைய கார். அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. அதற்கு இரண்டு வேளைச் சோறும், சாக்கு அடுக்கும் கொட்டகையில் படுக்க இடமும் கிடைத்தன.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைச் சோடிக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டார். கதவு, விளக்கு, சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அப்படியும் கிண்ணத்தில் பாதிச் சந்தனம் மிச்சம் இருந்தது. வெளியே மினுக்குகிற பாகங்களுக்கு வைத்துவிட்டு, உள்ளே கிடந்து உழைக்கிற இன்ஜினை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பானட்டைத் தூக்கி, கை எட்டிய இடத்திலெல்லாம் கெட்டியாக அப்பினேன். முதலாளி பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். எனக்கு ஒரு புது அரைக்கால் சட்டை கிடைத்தது.

மறுநாள் தொடங்கியது வினை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தணிய வேண்டும். இது தணியவில்லை. நின்ற இடத்திலேயே, மேடேறுகிற லாரி மாதிரி அலறியது. சம்பந்தி வீட்டு வாசலில் முதலாளி போய் இறங்கியபோது, சம்பந்தி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "என்னங்க, பூசை போட்டதுல வண்டிக்கே சாமி வந்துருச்சா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆலை வாசலில் கியர் போட்டதும் கார் துள்ளிப் போய், புதிதாகக் கட்டிய தூணில் முட்டியது. யாரோ வண்டியில் கை வைத்திருக்கிறான், அவன் யார் என்று தான் சாப்பிட்டு வருவதற்குள் தெரிய வேண்டும், அவன் இனி ஆலைப் பக்கம் வரக் கூடாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

பூசை போட்ட சந்தனம் தானாக உதிரும்வரை துடைக்கக் கூடாது என்பது ஆலையில் வழக்கம். மாமாவும் அதை மீறாதவர். மூன்று நாளாக அந்தப் பொட்டுகளின் மேல் விரல் படாமல் ஒதுங்கி ஒதுங்கித்தான் வேலை பார்த்திருந்தார். அன்றும் முதலில் கார்புரேட்டரில், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அதை முழுக்கத் திருகி வெளியே எடுத்தும் சத்தம் இறங்கவில்லை. எங்காவது ஓட்டை வழியாகக் காற்று இழுக்கிறதோ என்று கார்புரேட்டர் பொருந்தும் இடத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தார். அதற்கும் மாற்றமில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து வரும் கம்பியைக் கழற்றினார். அப்போதும் அலறியது. கடைசியில், அந்தக் கம்பி வந்து மாட்டும் சின்ன இரும்புக் கையை விரலால் அழுத்தினார். இன்ஜின் சட்டென்று அடங்கியது. அதை ஒருமுறை இழுத்து விட்டார். திரும்பி வருகிற வழியில் பாதியில் நின்றுகொண்டது. மறுபடியும் அலறல்.

மாமா குனிந்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, அந்தக் கையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் இடுக்கில் விட்டுச் சுரண்டினார். சூட்டில் இறுகிப்போயிருந்த ஏதோ பொரிப்பொரியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என்ன மாமா என்று கேட்டேன்.

"அழுக்கு" என்றார்.

வேட்டி முனையைப் பெட்ரோலில் நனைத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, ஸ்க்ரூவையும் கம்பியையும் திரும்ப மாட்டினார். வண்டி பழையபடி மெதுவாக முனகிக்கொண்டு நின்றது. வெறும் அழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு டிரைவருக்கு மூன்று நாளா என்று நினைத்தேன். மாமாவுக்குத் தொழில் அவ்வளவாகத் தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது.

முதலாளி கை துடைத்துக்கொண்டே வந்து, யார் வேலை என்று கேட்டார். "நாந்தாங்க. ஸ்க்ரூவத் தப்பா ஏத்தி வச்சுட்டேன்" என்றார் மாமா. என்னிடம் அழுக்கு என்றவர் அவரிடம் ஸ்க்ரூ என்றது எனக்குக் குழப்பமாக இருந்தது. முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். பையன் இருக்கட்டும், நல்ல பையன் என்றும் சொன்னார். மாமா அவரைக் கும்பிட்டார். வேலை போனவன் எதற்காக இவ்வளவு நிம்மதியாகக் கும்பிடுகிறான் என்று தோன்றியது.

நான்தான் இருக்க மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். சோற்றை உதறிவிட்டு மாமாவுக்குத் துணையாகப் போகிறோம் என்பதில் எனக்குப் பெருமை. வழி நெடுக அவர் திரும்பிப் போ, திரும்பிப் போ என்றதை, தோற்றுப்போனவரின் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

திருவரங்குளத்தில் படுத்து எழுந்து, காலையில் புதுக்கோட்டைக்கு வந்தோம். மாமாவுக்குத் தெரிந்த ஒர்க்ஷாப்பில் டிரைவருக்கு வேலை இல்லை. சாமான் கழுவ ஓர் ஆள் மட்டும் வேண்டும் என்றார் அங்கிருந்த மெக்கானிக். மாமா என்னை முன்னால் தள்ளினார். "பய சுறுசுறுப்புதாங்க. எதத் தொடக்கூடாது, எதத் தொடைக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காரை முகம் பார்க்கிற மாதிரித் துடைத்து வைத்திருந்தவன் நான்.

மெக்கானிக் ஒரு தட்டில் மண்ணெண்ணெயும், பிரித்துப்போட்ட கார்புரேட்டரும் வைத்தார். ஸ்பிரிங் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதில் ஏதாவது ஒட்டியிருந்தால் இன்ஜின் சத்தம் இறங்காது என்றார். தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

மாமா வேறு இடத்தில் வேலை கேட்கக் கிளம்பினார். அவர் வேட்டி முனையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. மண்ணெண்ணெயில் அலசித் தரட்டுமா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் மாப்ளே" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மாமாவுக்குச் சுத்தம் போதாது என்று நினைத்துக்கொண்டே முதல் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தேன்.