எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் என் ஸ்டேஷனரி கடை. அதை ஒட்டினாற்போல் ஜொவிட்டாவின் பிரவுசிங் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் மாதா படம். பதினெட்டு வருஷமாக எங்கள் தெருவின் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், கவுன்சலிங் எல்லாம் அவள் கையால்தான் நடந்தன. ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது யாராவது போனை நீட்டினால்கூட நின்று பார்த்துக் கொடுப்பாள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தால் வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். அடுத்த முறை வந்து அவளிடமே கத்துவார்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், ஓடிபி எங்கேயோ போய்ச் சேரும். புதிதாக மாற்றி வாங்க அரை நாள் போய்விடும். அலுத்துப்போன ஜொவிட்டா எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்தாள்: அவரவர் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. விண்ணப்ப எண்களையும் போன் நம்பர்களையும் ஒரு நோட்டில் எழுதி கவுண்டரிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அவள் சாப்பிடப் போயிருந்தால் நாங்களே உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வோம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நாலெழுத்து படித்தவன், ஒரு நாள்கூட இது தப்பு என்று சொன்னதில்லை. நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் தங்கபுஷ்பம் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை காட்டுகிற வேலை. கணவன் இல்லை. சர்க்கரை முற்றி, காலில் ஆறாத புண். தினமும் கட்டு மாற்றுவது மகள் ஸ்வர்ணலதாதான். அதனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வீட்டிலிருந்தே போய்வருகிற தூரத்தில் இன்ஜினீயரிங் சீட். மார்க்கும் இருந்தது. சனிக்கிழமை காலை சென்னைக் கல்லூரிகள் மூன்றை முதலில் வைத்து, தூரத்துக் கல்லூரிகளைப் பின்னால் வைத்து, ஜொவிட்டா கவுன்சலிங்குக்கான பட்டியலைப் பதிந்து பிரிண்டும் எடுத்துக் கொடுத்தாள். சாயந்திரம் வரை மாற்றலாம் என்பது விதி.

புதன்கிழமை சீட் வந்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற கல்லூரி. பட்டியலைத் திறந்து பார்த்தால் சென்னைக் கல்லூரிகள் மூன்றும் இல்லை. யாரோ சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நீக்கியிருக்கிறார்கள். கவுன்சலிங் அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தார்கள். சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் மாற்றியிருக்கிறது, ஒன்றும் செய்யமுடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஜொவிட்டாவும் அவர்களும் போலீசில் புகார் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று அதிகாரி கேட்டார். ஜொவிட்டா மறைக்கவில்லை.

"தெருவுல எல்லாருக்குமே தெரியும் சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, மாற்றியது ஜொவிட்டாவின் கம்ப்யூட்டரிலிருந்தே என்று தெரிந்தது. அவள் சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில். நான் அப்போது என் கடையில்தான் இருந்தேன். ஏழெட்டுப் பேர் உள்ளே போய் வந்தார்கள், எல்லாரும் தெரிந்த முகங்கள். பொறாமையோ, பழைய பகையோ, யார் என்று இன்றுவரை தெரியாது.

ஜொவிட்டா நோட்டைக் கிழித்துப் போட்டாள். கிழிக்குமுன் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், என்னிடமும் சொல்லாதீர்கள் என்றாள். பாதிப் பேர், நீங்களே ஒன்று போட்டுவிடுங்கக்கா என்றார்கள். இப்போது சாப்பிடப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் போகிறாள். கவுண்டரில் நிற்பவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஹாஸ்டலுக்கு விண்ணப்பிக்கத் தாயும் மகளும் அவளிடமே வந்தார்கள். வேறு யாரைத் தெரியும் அவர்களுக்கு? தங்கபுஷ்பம் ஒரு வார்த்தை திட்டவில்லை, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஜொவிட்டா பிற்பாடு என்னிடம் அழுதாள். ஒரு ஜெராக்ஸுக்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் ஜொவிட்டா கீபோர்டைப் பெண்ணின் பக்கம் தள்ளினாள். ஸ்வர்ணலதா கையை வைத்தாள், ஆனால் அடிக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

ஜொவிட்டா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அப்புறம் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நானும் திரும்பிக்கொண்டேன்.