மொட்டைமாடியில் ஒரு பாய்மரம்

நேற்று துணி காயப்போடும்போது எங்கள் செம்பூர் பில்டிங் செகரட்டரி என்னைப் பிடித்துக்கொண்டான். என் பிள்ளை வயசு. "ஆன்டி, அந்தக் கொடிப் பைப்பை எடுத்துடுங்கோ, பில்டிங் லுக்கே போறது." நான் புடவையை உதறினேன். அவன் சட்டையெல்லாம் தண்ணீர். வேண்டுமென்றே இல்லை, சரி, கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

வெயிலில் காய்ந்த அலுமினியத்தில் ஈரம் பட்டால் ஒரு வாசனை வரும். அது வந்தால் எனக்கு இன்னொரு செகரட்டரி ஞாபகம் வந்துவிடும். அணுசக்தி நகரில் நான் டிராயிங் ஆபீஸில் இருந்த நாளில், கடலோரத்தில் ஸ்டாஃப் நடத்திய படகு கிளப் ஒன்று இருந்தது. பெண்கள் படகில் உட்காரலாம், பாய்க் கயிற்றைத் தொடக் கூடாது. இது அந்த கிளப் செகரட்டரி போட்ட சட்டம். அங்கே ஒரு பழைய மரப்படகு, பாய்மரத்தின் அடி உளுத்துக் கிடந்தது. மழைக்கு முன்னால் உடைத்து விறகாக்கப் போகிறார்களாம். "புதுப் பாய்மரம் போட்டா நாங்களே ஓட்டலாமா?" என்று கேட்டேன். சிரித்தார். "போடுங்கோ, பாப்போம்." இது போதாதா எனக்கு?

நாங்கள் என்றால் நானும் எஸ்தரும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நர்ஸ், தூத்துக்குடிக்காரி, தாராவியில் வீடு. அவள் அண்ணன் பட்டறையில் பழைய மரத்தின் அளவுக்கு அலுமினியக் குழாய் அறுத்து, அதை நிமிர்த்தி இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கு வளையங்கள் வைத்தோம். பாயை ஏற்றும் கயிறு பழைய மரக் கப்பியில் சிக்கித் தொலைக்கும். நல்ல கப்பிக்கு எங்கே போவது? மாதுங்காவில் எங்கள் சமையலறைக் கூரையில், துணிக்கொடியை மேலே இழுக்க ஒரு பித்தளைக் கப்பி இருந்தது. கழற்றிவிட்டேன். "கொடி ஏன்டி கோணிண்டு தொங்கறது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

குழாயைக் கைவண்டியில் கட்டி டவுன்ஷிப் கேட்டுக்கு வந்தால், காவலாளி மறித்தான். அணுசக்திக்காரர்கள் வாசலில், அவ்வளவு நீளக் குழாயோடு இரண்டு பெண்கள். அவன்மேல் தப்பே இல்லை. படகுக்கு என்றால் செகரட்டரியைக் கூப்பிடுவான். துணி காயப்போடும் கம்பி என்றேன். "இத்னா லம்பா?" என்றான், இவ்வளவு நீளமா என்று. பெரிய குடும்பம் என்று எஸ்தர் இந்தியில் அளந்துவிட்டாள், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை பாய்மரத்தை நட்டு, படகைத் தண்ணீரில் தள்ளினோம். எஸ்தர் சுக்கானில். நான் கயிற்றை இழுக்க, அம்மாவின் கப்பி சுற்ற, பாய் சிக்காமல் மேலே போயிற்று. கரையிலிருந்து செகரட்டரி, "இறக்குங்கோ, இறக்குங்கோ" என்று கத்தினார்.

"கூப்பிடறார்டி."

"அது காத்து இரையுதுட்டி. நீ கயித்த விடாத."

விடவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன.

கிளப் போயிற்று. அந்தக் கரைக்கு வேலி போட்டாயிற்று. மாதுங்கா வீட்டை இடித்து டவர் கட்டிவிட்டார்கள். எஸ்தரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். படகை உடைத்த அன்று குழாயையும் கப்பியையும் மட்டும் கேட்டு வாங்கிவந்து, காவலாளியிடம் சொன்ன பொய்யை இந்த மொட்டைமாடியில் நிஜமாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கழற்ற ஆள் அனுப்புவானாம் இந்த செகரட்டரிப் பையன். அனுப்பட்டும். அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கீழே நின்று கத்துவான். காற்று இரைகிறது என்று இருந்துவிடுவேன்.