மாமாவின் கெண்டைக்கால்

என் மாமா ஆணழகன் போட்டியில் தோற்றதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கல்யாணப் பந்தியில்கூட அதை எடுத்துப் பேசுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் இலையை மூடிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருக்கு எடைக்கல்லாக இருந்தவள் நான்.

மண்ணரை என்ற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் அப்பா ஒரு அயர்னிங் பட்டறை வைத்திருந்தார். கம்பெனிகளில் தைத்த பனியன்களைத் தேய்த்து, மடித்து, பெட்டியில் அடைத்துக் கொடுப்பது தொழில். அம்மாவின் தம்பியான மாமாதான் அங்கே தேய்ப்பவர். நாள் முழுக்க ஆவியில் நிற்க வேண்டும். அவருக்கு மார்பும் தோளும் பாறை மாதிரி இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பல்லடத்துப் போட்டியில் ஜெயித்தால் தன்னிடமே பயிற்சியாளர் வேலை என்று அவர் போகும் ஜிம்மின் முதலாளி சொல்லியிருந்தார். பட்டறையை விட்டு வெளியேற மாமாவுக்கு வேறு வழி இல்லை.

“நாள் பூரா நிக்கறீங்கல்ல மாமா, அப்பறம் ஏன் காலு வளரலை?”

“நிக்கற காலு வளராது அம்முணி. ஏறி எறங்கற காலுதான் வளரும்.”

ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி. பட்டறைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குனிந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். நான் அவர் இடுப்பின் மேல் குதிரை ஏறுவேன். குதிகால் மெதுவாகக் கீழே இறங்கும். சதை நன்றாக இழுபட்டதும் கொஞ்சம் நின்று, உச்சி வரை ஏறும். நான் எண்ணுவேன். துள்ளினால் அது கணக்கில் சேராது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து என்னை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று. “உள்சதைக்கு இதுதானுங்க அம்முணி” என்று எட்டு வயதுக்காரியிடம் மரியாதையாக விளக்குவார்.

போகப்போகப் பாரம் கூட வேண்டும் என்றார். நான் ராத்திரிக்கு இரண்டு தோசை சேர்த்துத் தின்றேன். ஆறு மாதத்தில் நானும் பெருத்தேன், அவர் காலும் பெருத்தது. குதிகால் உயரும்போது சதை இரண்டாகப் பிரிந்து தெரிந்தது.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு மாமா லீவு கேட்டார்.

“நின்னா காலு வீங்கிக்குமுங்க மச்சான். ரெண்டு நாளாச்சும் உக்காரோணும்.”

“சனிக்கிழமை லாரி வருது மாப்ளே. உன்ற காலப் பாத்துட்டிருந்தா என்ற பொழப்பு என்னாவறது?” என்றார் அப்பா.

மீறிப் போனால் அம்மாதான் பேச்சு வாங்குவாள். அது மாமாவுக்குத் தெரியும். இரண்டு பகலும் இரண்டு இரவும் நின்றார்.

ஞாயிறு காலை அவர் லுங்கியை மடித்துக் கட்டியபோது கால்கள் உரல் மாதிரி இருந்தன. “எங்க மாமா காலு வளந்துருச்சு!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, வெகுநேரம் மூடவில்லை. அதையும் பலம் என்றே நினைத்தேன். மாமா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மேடையில் நடுவர் திரும்பி நிற்கச் சொன்னார். மாமா குதிகாலை உயர்த்தினார். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. “யானைக்காலுடோய்!” என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. நான் கைதட்டினேன். வேலை வேறொருவனுக்குப் போனது.

திங்கட்கிழமை மாமா பட்டறைக்குத் திரும்பினார். சனிக்கிழமை போக வேண்டிய பெட்டிகள் வாசலில் என் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அந்த வாரம் முழுக்க அங்கேயே கிடந்தன; நான் அவற்றின் மேல் ஏறிக் குதித்து விளையாடினேன். லாரி பத்து நாள் கழித்துத்தான் வரும் என்று அப்பாவுக்கு முதலிலேயே தெரியும். பொய் சொன்னார், அவ்வளவுதான். மாமா ஜெயித்துப் போய்விட்டால் தேய்க்க வேறு ஆள் தேட அவருக்குச் சோம்பல்.

மாமா படியில் உட்கார்ந்து, காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விளையாட்டைத்தான் ரசிக்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் ஒரு பெட்டி மேலே ஏறிக் குதித்துக் காட்டினேன்.