மாடியறை ஜெர்மனி

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பரிமாற்றப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது. வகுப்புகள் எல்லாம் ஆன்லைனில், தூத்துக்குடி வீட்டிலிருந்தே. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பா இதைப் போதகரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஆராதனையில் போதகர், "வெளிநாடு செல்லும் நம் சபை மகளின் பிரயாணத்துக்காக" உருக்கமாக ஜெபித்துவிட்டார். ஜெபத்தின் நடுவே திருத்தம் சொல்வது எங்கள் வழக்கமில்லை. முடிந்த பிறகு சொல்லலாம் என்றால், அதற்குள் பாதி சபை அப்பாவுக்குக் கை கொடுத்திருந்தது. சாயங்காலம் தெருவே மக்ரூன் டப்பாக்களோடு வழியனுப்ப வந்தது.

அன்று முதல் நான் ஜெர்மனியில், அதாவது மாடியறையில், வசித்தேன். அம்மாவின் விசா நிபந்தனைகள்: ஜன்னலைத் திறக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, என் சுடிதார் மொட்டைமாடியில் காயக் கூடாது.

இறுதி வாய்மொழித் தேர்வு தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. போனில் சிக்னலும் இல்லை. தவறவிட்டால் பருவம் முழுக்க வீண். தெருவில் இன்வெர்ட்டர் இருப்பது எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவைக் கடந்தேன்.

"ஏளா, எப்ப வந்த?"

"நான் போகவே இல்ல பெரியம்மா. மொதல்ல வைஃபை பாஸ்வேர்டச் சொல்லுங்க."

தேர்வு முடியும்வரை பெரியம்மா மூச்சுவிடாமல் நின்றாள். நான் பாஸ் என்றதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க மூத்தவனையும் இப்படியே வெளிநாடு அனுப்பி விடுளா. ஊருக்கும் சொல்லிக்கிடலாம், பயலும் கண்ணு முன்னால கெடப்பாம்லா."