நானே போட்ட குண்டுக்கு நானே படுத்த கதை

போன வருஷம் வைகாசி மாதம். செட்டிபாளையத்தைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் அம்மன் கோயிலின் வருஷத் திருவிழாவான சடங்கு நடந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். மைக் சோதிக்கிற சாட்டில் நாலு பேரை நக்கலடித்துச் சபையைச் சிரிக்க வைப்பது என் தொழிலோடு சேர்ந்த இலவச சேவை. அந்தச் சடங்கிலும் சபை சிரித்தது. நக்கலுக்கு ஆளானது மட்டும் நான்.

அந்த முறை டவுனிலிருந்து ஒருவர் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து, கோயில் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டிருந்தார். கோயிலை நடத்தும் வண்ணக்கர் என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச பாரு தம்பி, இந்த முறை ஒரு கீச்சுச் சத்தம் வந்தாலும் அடுத்த வருஷம் அவருக்குத்தான். சொல்லிப்போட்டன்" என்றார். வாலிப வயதிலிருந்து நான் வயர் இழுத்த கோயில் அது. அது கைவிட்டுப் போனால் ஊரில் எனக்கு மிஞ்சுவது நக்கல்காரன் என்ற பெயர் மட்டும்தான்.

இப்படி ஒரு எச்சரிக்கை தலைக்கு மேலே தொங்கும்போது புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பான். நான் வீடியோ கேம் விளையாடினேன்.

கட்டாரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கொண்டுவந்து தந்திருந்தார். காசு போட்டு விளையாடும் பழைய மெஷின்களில் இருந்த விளையாட்டுகளையெல்லாம் திரட்டி அதற்குள் அடைத்திருந்தார்கள். இளவயதில் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தபோது அந்த மெஷின்கள் இருந்த இடத்தில் நான் நின்ற நேரம் அதிகம், விளையாடிய நேரம் குறைவு. ஒரு குற்றிக் காசைப் போட்டால், ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் செத்துவிடுவேன். பிறகு அடுத்தவன் சாவதை வேடிக்கை பார்ப்பேன். இப்போது அத்தனையும் என் மடியில், காசில்லாமல்! தவளை அதே றோட்டைக் கடந்தது. அதே லொறி வந்து அடித்தது. புள்ளி விழுங்குகிறவன் அதே மூலையில் போய் மாட்டிக்கொண்டான். எவனுக்கும் ஒரு நரை இல்லை. எனக்குத்தான் கண்ணாடி தேவைப்பட்டது.

அதில் ஒன்று என்னை விடவேயில்லை. மேலேயிருந்து குண்டுகள் ஊளையிட்டுக்கொண்டு விழும். கீழே சின்னச் சின்ன வீடுகள் இருக்கும். விழும் குண்டை வானத்திலேயே வைத்து நாம் உடைக்க வேண்டும். கொழும்பில் நான் அதைத் தொட்டதே இல்லை. சண்டை நடந்து, ஊரில் ஷெல் குண்டுகள் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்த காலம் அது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தரையில் குப்புறப் படுத்துவிட்டு வருகிறவனுக்கு, காசு கொடுத்து வேறு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமா என்ன?

பகல் பூசை முடிந்து, சனமெல்லாம் மரநிழலில் கண்ணயர்ந்த நேரம். சத்தத்தைப் பெருக்கும் அம்ப் வைத்திருந்த தகரக் கொட்டிலில் குட்டி ரீவியை மேசையில் வைத்துப் பெட்டியைச் செருகினேன். சத்தம் வெளியே போகக் கூடாதல்லவா? பெட்டியின் வயரை அம்பில் கொடுத்து ஹெட்போனைக் காதில் மாட்டினேன். கோயில் முற்றத்து ஒலிபெருக்கிக் குழாய்களின் சுவிட்சை மிகக் கவனமாக நிறுத்தினேன்.

ஆனால் எங்கள் கோயிலில் இன்னொரு வரிசைக் குழாயும் உண்டு. அது வாவிக்கரையில், அக்கரையைப் பார்த்தபடி இருக்கும். அக்கரை வயலில் நிற்கிறவர்கள் எங்கள் பூசை மணியைக் கேட்டுத்தான் கும்பிடுவார்கள். அதனால் கோயில் கதவு திறந்த நாள் தொட்டுச் சடங்கு முடியும்வரை அந்த வரிசையை நிறுத்தக் கூடாதென்பது வழமை. யாரும் மறந்தும் கை வைக்காமலிருக்க அந்தச் சுவிட்சில் மஞ்சள் துணி சுற்றிவிடுவோம். அந்தத் துணியைச் சுற்றியவனும் நான்தான். சுற்றிய கையோடு அந்தச் சுவிட்ச் இருக்கிற ஞாபகத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது.

அன்றைக்கு என் கை நல்ல கை. குண்டு குண்டாக உடைத்துத் தள்ளினேன். தற்செயலாகக் கதவிடுக்கால் வெளியே பார்த்தால் சனம் ஓடுகிறது! கரடியனாற்றுக் காட்டுப் பக்கமென்றால் யானை வந்துவிட்டது என்று நினைத்திருப்பேன். இங்கே யானைக்கு வேலையில்லை. ஹெட்போனைக் கழற்றினேன்.

ஊய்ய்ய்ங்... டும்.

வாவிப் பக்கமிருந்து வந்தது. தண்ணீரில் பட்டு உருண்டு, அக்கரையிலிருந்து வருவது போலவே வந்தது. பழைய நாட்களிலும் அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் மூளைக்கு ஒரு பங்கும் இல்லை. உடம்பு தன்பாட்டில் மேசைக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்தது. ஒரு கையால் ஒரு காதைப் பொத்தினேன். மற்றக் காதைப் பொத்தக் கை இல்லை, அதில் விளையாட்டுப் பிடி இருந்தது. பயத்தில் அதை இறுக்கினேன். என் பெருவிரல் இருந்ததோ சுடுகிற பட்டனில். இறுக்க இறுக்க வெளியே வெடித்தது. வெடிக்க வெடிக்க இன்னும் இறுக்கினேன். ஒவ்வொரு வெடிக்கும் அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். முதலில் பூசைச் சாமான் நிறைத்த மடைப்பெட்டி, பிறகு காவடி, பிறகு சாராயத்தை விடுவது. கடைசியில் என் மைத்துனரைக்கூட மன்னிப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் கொட்டிலுக்குள் ஒரு உருவம் ஊர்ந்து வந்தது. கிரான் ஊரிலிருந்து வருஷா வருஷம் சடங்குக்கு வந்து கச்சான் கடலை விற்கும் பெண். என் வயதுதான். ஒதுங்க இடம் தேடி மேசைக்குக் கீழே என் பக்கத்தில் வந்து படுத்தாள். மூச்சு வாங்கியபடி தலையை நீட்டி ரீவியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அண்ணன், அந்த விரலக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தேன். ஒரு ஊளை மட்டும் இழுத்துக்கொண்டு வந்து ஓய்ந்தது.

"மறுகா அமத்துங்க."

அமத்தினேன். வாவிக்கரையில் டும்.

படுத்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீங்களா அண்ணன் ஷெல் அடிச்சயள்?" என்றாள்.

பதறியடித்து வயரைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது. முற்றத்தில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் மணலிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய நெஞ்சிலும் மணல். இளசுகள் நின்ற இடத்தில் நின்றபடி, இவர்களுக்கு என்ன பிடித்தது என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். தோரணம் கட்ட ஏணியில் நின்றவர் குதித்துக் காலைச் சுளுக்கியிருந்தார். ஒரு பெண்ணுக்கு அழுகை நிற்கவில்லை.

வண்ணக்கர் வந்து கொட்டிலுக்குள் எட்டிப் பெட்டியைப் பார்த்தார். அவருடைய வெள்ளை வேட்டியிலும் மணல்.

"இந்தச் சனியனக் கொண்டுபோய் வாவியில எறி! அம்மாள்ட வாசல்ல சத்தியம் பண்ணு, இனித் தொடமாட்டன் எண்டு. இல்லாட்டி அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வராத."

முதலில் மைக்கைப் பிடித்து ஊருக்கும் அக்கரைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். பிழை விட்டது நான்தான் என்றேன். மேசைக்குக் கீழே படுத்துக்கிடந்ததையும் மறைக்கவில்லை. கால் சுளுக்கியவரின் காலைப் பிடித்துக் கேட்டேன். அதெல்லாம் நியாயம். ஆனால் பெட்டியைக் கையில் எடுத்தபோது, அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

"ஐயா, என்னை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. இத எறிய மாட்டன். சின்ன வயசிலயிருந்து எல்லாத்துக்கும் படுத்துப் படுத்துத்தான் எழும்பினம். இதிலதான் விழுற குண்ட வானத்திலயே உடைக்கிறன்."

"படுத்துக்கிடந்துதானேடா உடைச்ச!" என்றார் வண்ணக்கர்.

சனம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது, உண்மை அதுதானே.

கச்சான்காரி முன்னுக்கு வந்தாள். கவிழ்ந்த கச்சானை ஒரு பெண் பொறுக்கிக்கொண்டிருக்க, இவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வானத்திலயே உடைக்கலாமா? எங்க, காட்டுங்க பாப்பம்."

இந்த முறை எல்லா வயரையும் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பெட்டியைப் போட்டேன். கச்சான் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். பிடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீடுகளெல்லாம் எரிந்து போயின. "மறுகா போடுங்க" என்றாள். மறுபடியும் எரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை தொடங்கினாள். கொட்டில் வாசலில் நெஞ்சில் மணலோடு ஒரு கூட்டம் முண்டியடித்தது. "இடப்பக்கம் அக்கா, இடப்பக்கம்!" "அந்தா ஒண்டு வருகுது!" அழுகை நிற்காதிருந்த பெண்ணும் அதற்குள் நின்று கத்தினாள். ஒரு குண்டும் தரையைத் தொடாமல் ஒரு சுற்று முடிந்தபோது எழுந்த ஆரவாரம், ஒலிபெருக்கி இல்லாமலே அக்கரைக்குப் போயிருக்கும்.

கச்சான்காரி பிடியைக் கீழே வைத்தாள். "ஒருநாளாவது உடைச்சம்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வண்ணக்கர் மட்டும் மசியவில்லை. இந்த வருஷச் சடங்குக்கு டவுன்காரர்தான் வந்தார். அவருடைய பெட்டிகளில் கீச்சுச் சத்தமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் வெறும் பக்தனாகப் போய்க் கூட்டத்தில் நின்றேன். ஊரில் என்னைக் கண்டால் "ஷெல் அண்ணன்" என்கிறார்கள். "ஓம், சொல்லுங்க" என்று திரும்புகிறேன். பெட்டி என் வீட்டு மண்டபத்தில் இருக்கிறது. பின்னேரங்களில் நரைத்த தலைகள் சில வந்து, மாறி மாறி உட்கார்ந்து வானத்தைக் காவல் காக்கின்றன.

இந்த வருஷச் சடங்கில் பூசை நேரம் வெடி கொளுத்தினார்கள். என் முழங்கால் என்னைக் கேட்காமலே பாதி மடிந்தது. அந்தப் பாதியைப் பழைய காலம் தன் பங்காக எடுத்துக்கொண்டுவிட்டது, நான் சண்டை பிடிக்கவில்லை. மற்றப் பாதி என்னுடையது, அதை எந்தச் சத்தத்துக்கும் கொடுப்பதாக இல்லை.