முகம் இல்லாத படங்கள்

முப்பது வருஷமாக நான் எடுத்த படங்களையெல்லாம் புதுச்சேரியில் ஒரு கூடத்தில் மாட்டப் போகிறார்கள். "உங்க வாழ்க்கையையே திரும்பிப் பார்க்கிற கண்காட்சி மேடம்" என்று போனில் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

என் படங்களில் பெண்களின் முகம் இருக்காது. அது என் கொள்கை. வில்லியனூரில் ஒரு ஸ்டூடியோவில்தான் தொழில் கற்றேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்களைப் படம் எடுப்பது, கறுத்த மூஞ்சியை வெளுப்பாக்கிக் கொடுப்பது, அதுதான் பிழைப்பு. வேண்டாம் என்று திரும்பி வந்த படத்தோடு அந்தப் பெண்களே வந்து நிற்பார்கள், இன்னும் கொஞ்சம் சிவப்பாக எடுக்க முடியுமா என்று. த்தூ, இந்த வேலைக்கு மாடு மேய்க்கலாம் என்று வெளியே வந்தேன். இனி எந்தப் பெண்ணின் முகத்தையும் எவனும் எடை போட விடமாட்டேன் என்று சபதம். சேற்றில் ஊன்றிய கால், நாற்று பிடித்த கை, குனிந்த முதுகு. உழைப்பைப் பார், மூஞ்சியைப் பார்க்காதே. மேடை மேடையாக இதைத்தான் பேசினேன். கை தட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் போனது.

பாகூரில் நடவுக்குப் போகும் பெண்களோடுதான் அதிகம் திரிந்தேன். அதில் ஒருத்தி என்னோடு ஒட்டிக்கொண்டாள். வரப்பில் உட்கார்ந்து தன் தூக்கிலிருந்து எனக்கும் கூழ் ஊற்றுவாள். ஒரு நாள் கேட்டாள்:

"ஏம்மா, எப்பப் பார்த்தாலும் குண்டிப் பக்கமே நின்னு எடுக்கிறியே, மூஞ்சிய எடுத்தா உன் பொட்டி ஒடஞ்சிடுமா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முகத்தை வைத்துத்தான் பெண்களை அடிமையாக்கினார்கள் என்று பாடம் எடுத்தேன். "சரி, இன்னாவோ சொல்ற" என்று வயலில் இறங்கிவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரி செய்திருந்தாள். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

போன மாதம் அவள் செத்துப்போனாள். பத்து நாள் கழித்து, பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகள் என் வீட்டில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

"பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வெக்கணும்க்கா. வூட்ல ஒரு போட்டோ இல்ல. ஆதார்ல இருக்கிறது மசமசன்னு இருக்குது. தவளக்குப்பத்துல பேனர் கடைக்காரரு அந்தத் தலைய மட்டும் வெட்டி, பட்டுப்பொடவ கட்டின வேற ஒடம்புல ஒட்டித் தரேன்றாரு. எங்கம்மா என்னிக்குக்கா பட்டு கட்டுச்சி? நீங்கதான் அத்தினி வருசம் எடுத்தீங்களே, ஒண்ணு குடுங்க."

காலையிலிருந்து மத்தியானம் வரை ரெண்டு பேரும் தேடினோம். பெட்டி பெட்டியாக நெகட்டிவ். உறைகளின் மேல் என் கையெழுத்தில் 'பாகூர், நடவு', 'பாகூர், களை'. ஆள் யாரென்று ஒன்றிலும் எழுதவில்லை. ஒரு படத்தில் பாதிக் காது. இன்னொன்றில் கன்னத்தின் ஓரம், அதுவும் அவளுடையதா என்று மகளுக்கே சந்தேகம்.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கண்காட்சிக்காகச் சட்டம் போட்டு வைத்திருந்த பெரிய படத்தைத் தூக்கி வந்தேன். தண்ணீர் நிற்கும் வயலில் நாற்று நடுகிற ஒருத்தியின் முதுகும் கைகளும். எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம். எனக்குக் கூழ் ஊற்றிய தோழி இவள் என்று எத்தனையோ மேடைகளில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன்.

"இதையாவது எடுத்துக்கோம்மா. மூஞ்சி இல்லதான். ஆனா இது உங்கம்மா."

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எங்கம்மா இல்லக்கா."

"நல்லா பாரு."

"எங்கம்மாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். நாத்துக்கட்ட சோத்தாங்கையில புடிச்சிக்கினு பீச்சாங்கையாலதான் நடும். பக்கத்துல நடுறவங்க கை இடிக்குதுன்னு எப்பவும் வரிசைல கடைசியாதான் நிக்க வெப்பாங்க. இவங்க சோத்தாங்கையால நடுறாங்க பாருங்க."

கை, கை என்று முப்பது வருஷம் மேடையில் கத்தியவள் நான்.

மகள் அழவில்லை. திட்டவும் இல்லை; திட்டியிருந்தால் தேவலை. பேனர் கடைக்குப் போகணும் என்று செருப்பை மாட்டினாள். படத்தைச் சுவரோரம் பதமாகச் சாய்த்து வைத்திருந்தாள். வாசலிலிருந்து அதைக் காட்டிச் சொன்னாள்:

"அவங்க யாரு பெத்த பொண்ணோ. அவங்க வூட்லயும் என்னிக்காச்சும் தேடிக்கினு வருவாங்க. பத்திரமா வெய்ங்கக்கா."